மெர்சாத் பெர்பர் யார்? போஸ்னியாவில் அவரை ஏன் இன்றும் கொண்டாடுகிறார்கள்?

போஸ்னியாவின் வலியை அச்சு ஓவியக் கலைக்குள் கொண்டுவந்த ஓவியர் என்பதுதான் என் பதில்.

1940-இல் போஸான்ஸ்கி பெட்ரோவாட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்றைய ஸ்லோவேனியாவின் தலைநகரான லியுப்லியானாவின் நுண்கலைக் கல்லூரியில் படித்தார். பிறகு போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் கலை கற்பித்தார்.

அவருடைய வண்ண மரச்செதுக்கு அச்சுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். பலகையில் உருவத்தைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கும் முறை அது. நிறங்கள் கூடக் கூட வேலையும் கூடும். தாள் இம்மி நகர்ந்தாலும் படம் கெட்டுவிடும். அந்தப் பொறுமையில் பிறந்தவைதான் அவருடைய வெள்ளைக் குதிரைகள். இருளிலிருந்து அவை மெல்ல வெளிவருவது போலிருக்கும். ஒட்டோமான் துருக்கியர் ஆட்சிக்கால போஸ்னிய முகங்களும், ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் சாயல் கொண்ட இளவரசிகளும் அவர் படங்களில் உண்டு.

1992-இல் போஸ்னியாவில் போர் மூண்டதும் சரயேவோவை விட்டு குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெப் போனார். 1995-இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா ஊரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காக ஒரு பெரும் ஓவியத் தொடரே வரைந்தார். என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆகப்பெரிய பணி அதுதான்.

2012-இல் ஸாக்ரெப்பில் காலமானார்.