கேள்வி–பதில்: கருமருந்து இரட்டைக்குழல் ரைஃபிள்கள்

கேள்வி: 1890 வாக்கில் இங்கிலாந்தில் செய்த .500 எக்ஸ்பிரஸ் (அரை அங்குலக் குழல், அதிக மருந்து, அதிக வேகம்) இரட்டைக்குழல் ரைஃபிள். 50 கஜத்தில் வலது குழல் வலப்பக்கமும் இடது குழல் இடப்பக்கமும் விலகிச் சுடுகின்றன. குழல் கோணிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் குழலில் கோளாறு இருக்காது, வேகம்தான் போதவில்லை. இரு குழல்களும் இணையாக இருப்பதில்லை. வாய்ப்பக்கம் சற்றே நெருங்கும்படி வைத்துத்தான் பற்றவைத்து (உருக்கிய உலோகத்தால் ஒட்டி) இணைப்பார்கள். வலது குழல் வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதோடு வலப்பக்கமாகவும் மேலாகவும் திரும்பும். குண்டு வாயைத் தாண்டும் கணத்தில் அந்தத் திருப்பம் குழலின் நெருக்கத்தைச் சரிக்கட்ட வேண்டும். குண்டு மெதுவாக ஓடினால் குழல் அதிகம் திரும்பிவிடும், குறிகள் விலகும். வேகம் மிஞ்சினால் இரண்டும் குறுக்கிடும்.

ஆகவே உங்கள் குழல் எந்தக் கருமருந்து (பழைய, புகையுள்ள வெடிமருந்து) அளவுக்குச் சரிசெய்யப்பட்டது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பல ரைஃபிள்களில் மருந்தின் எடையும் குண்டின் எடையும் குழலின் அடியில் பொறித்திருக்கும். 3 அங்குலத் தோட்டாவுக்கு 136 கிரெய்ன் (1 கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம்) கருமருந்து என்பது அக்கால வழக்கம். குண்டுதான் 340 முதல் 440 கிரெய்ன் வரை மாறும். 440-க்குச் சரிசெய்த குழலில் 340 போட்டுவிட்டுக் குழலைக் குறைசொல்லிப் பயனில்லை. பொறித்த அளவைத் தாண்டாமல், 3 கிரெய்ன் வீதம் கூட்டி, ஒவ்வொரு அளவிலும் வலம், இடம் என நான்கு இணை சுடுங்கள். இணைக்கு இணை குழல் ஆறட்டும். முன்கட்டையை மணல்மூட்டையில் நேரடியாக வைக்காதீர்கள். நடுவே உங்கள் கை இருக்க வேண்டும். குழலைப் பிரித்துத் திரும்பப் பற்றவைக்கச் சொல்பவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: மருந்தைக் குறைத்தால் தோட்டாக்கூட்டில் காலியிடம் விழுகிறது. பரவாயில்லையா?

பதில்: கூடவே கூடாது. கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இருந்தால் குழல் வளையம்போல் புடைக்கலாம். மருந்தின் மேல் அட்டை வட்டு, அதன்மேல் கொழுப்பூட்டிய ஃபெல்ட் வட்டு, மறுபடி மெல்லிய அட்டை, பிறகு குண்டு. எல்லாம் ஒன்றையொன்று தொட்டு, மருந்து லேசாக அழுந்தியிருக்க வேண்டும். குண்டுக்கு 20 பங்கு ஈயம், 1 பங்கு வெள்ளீயம் போதும். குழலின் உள்விட்டத்தை மிருதுவான ஈயத் துண்டைச் செலுத்தி அளந்தபின் குண்டு வார்க்கும் அச்சு வாங்குங்கள். புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடக் கலக்காதீர்கள்.

கேள்வி: ‘8 போர்’ என்றால் 8 மில்லிமீட்டரா?

பதில்: இல்லை. குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் எட்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒன்று 2 அவுன்ஸ், விட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. அதற்கு 10 டிராம் மருந்து வழக்கம். இது மெட்ரிக் கிராமல்ல, 1 டிராம் 27.3 கிரெய்ன். இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கருக்கு 1840-இல் பிரிஸ்டல் துப்பாக்கிக்காரர் கிப்ஸ் செய்துகொடுத்த ரைஃபிள் 21 பவுண்டு கனம், 3 அவுன்ஸ் குண்டு, 16 டிராம் மருந்து. அது ஒற்றைக்குழல்.

கேள்வி: வாய்வழி கெட்டிக்கும் இரட்டைக்குழலில் ஒரு குழலை மட்டும் சுட்டால்?

பதில்: மற்றக் குழலின் தொப்பியை (மருந்துக்குத் தீயூட்டும் சிறு உலோகக் குப்பி) முதலில் கழற்றுங்கள். உதைப்பில் அதன் குண்டு முன்னால் நகர்ந்திருக்கலாம். கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டு மருந்தின்மேல் மறுபடி அழுத்துங்கள். கோலில் ஒரு கோடு போட்டுவைத்தால் நகர்ந்தது உடனே தெரியும். சுட்ட குழலில் மருந்துக்குடுவையை நேராகக் கவிழ்க்காதீர்கள்: உள்ளே கங்கு இருந்தால் குடுவையே வெடிக்கும். தனி அளவைக் குப்பியில் எடுத்து ஊற்றுங்கள்.

கேள்வி: சுட்டபின் குழலுக்கு எண்ணெய் மட்டும் பூசி வைக்கலாமா?

பதில்: புகைக்கரியில் உப்புகள் உண்டு, அவை ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் கரையாது. அன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய். மறுநாள் ஒருமுறை துணிவிட்டுப் பாருங்கள், பழுப்பு வந்தால் திரும்பவும் வெந்நீர்.