ரீலுக்கு 40,000 கொடுக்கலாமா? செக்கு எண்ணெய்க் கடைக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். அப்பா காலத்தில் சுவர் விளம்பரம், கேபிள் டிவியில் அடியில் ஓடும் வரி, தீபாவளிக்கு நோட்டீஸ், அவ்வளவுதான். இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். சமையல் வீடியோ போடும் இன்ஸ்டாகிராம் பிரபலம் ஒருவர் ஒரு ரீலுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார். கோவையில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம், மாதம் 25,000 கொடுத்தால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம் என்கிறது. இதற்கிடையே பெங்களூருவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர், தேங்காய் எண்ணெய் பாட்டிலின் அடியில் வெள்ளையாகக் கட்டியிருப்பதைக் காட்டி, "மெழுகு கலந்திருக்கிறார்கள்" என்று வீடியோ போட்டுவிட்டார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறான் தம்பி. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, அதிலிருந்து. இன்றைக்கே.

வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். அந்த நோட்டீஸைப் படம் பிடித்து அவர் இரண்டாவது வீடியோ போடுவார், அது முதல் வீடியோவைவிட அதிகமாக ஓடும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. வெப்பம் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். பெங்களூருவில் டிசம்பர் இரவுகளுக்கு அது தாராளமாகப் போதும். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வாசலில் வெயிலில் வைத்து, ஒரு டீ கொடுத்து, உருகியதைக் காட்டி அனுப்பியிருப்பீர்கள். அதையேதான் இப்போதும் செய்யவேண்டும், ஆயிரம் பேர் பார்க்க.

அந்த வீடியோவின் கீழேயே, கடையின் பெயரில், இப்படி எழுதுங்கள்: "வணக்கம்ங்க. குளிருக்குத் தேங்காய் எண்ணெய் உறைவது இயல்பு. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், தெளிந்துவிடும். அப்படியும் சந்தேகம் இருந்தால் பாட்டிலை எங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், பணமும் தந்துவிடுகிறோம். ஆட்டிய தேதி பாட்டிலின் பின்பக்கம் இருக்கும், அதை மட்டும் அனுப்புங்கள்." அவ்வளவு போதும். "எங்கள் பெயரைக் கெடுக்கிறீர்கள்" என்ற தொனி ஒரு சொல்லில்கூட வரக்கூடாது.

பிறகு தம்பியை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதே நாளில் ஆட்டிய எண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைக்கட்டும். ஃப்ரீசரில் அல்ல. சுத்தமான தேங்காய் எண்ணெய் முழுவதும் கட்டியாகும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனி அடுக்காக நிற்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லும் சோதனைதான் இது. உறைந்த டம்ளரை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து, ஓரத்திலிருந்து உருகத் தொடங்குவதை வெட்டாமல் காட்டுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம், தம்பியின் குரலே போதும். அந்த மாத எண்ணெயின் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை வந்ததும் அதையும் பக்கத்தில் போட்டுவையுங்கள். ஒருவேளை உண்மையிலேயே கலப்படம் தெரிந்தால், கொப்பரை கொடுத்தவர் வரை விசாரித்து, அந்த நாள் எண்ணெய் வாங்கிய ஒவ்வொருவரையும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லவேண்டும். அதில் தயக்கமே கூடாது.

இதை நாள் கடத்தாதீர்கள். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் டாமினோஸ் கடையில் வேலை பார்த்த இருவர், சாப்பாட்டை அசிங்கப்படுத்துவது போல வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார்கள். சில நாட்களிலேயே 10 லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் பாட்ரிக் டாயில், அதே யூடியூபில் தோன்றி மன்னிப்புக் கேட்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆயிற்று. அன்றைய நிலையில் அது வேகம்தான். ஆனாலும் அந்த இரண்டு நாளில் ஆன சேதத்தைத்தான் மக்கள் தொடர்புத் துறையில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். அவர் செய்ததில் ஒன்றை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்: புகார் எங்கே எழுந்ததோ, பதிலை அங்கேயே சொன்னார்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். அப்பா காலத்தில் மூன்றும் மூன்று வேலை. விளம்பரம் என்றால் சுவருக்கும் கேபிளுக்கும் காசு. விற்பனை என்றால் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவரிடம் பேசுவது. மக்கள் தொடர்பு என்றால், பெரிய கம்பெனிகள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் கவர் கொடுத்துச் செய்தி போட வைப்பது, நமக்குச் சம்பந்தமில்லாதது. இன்றைக்கு இந்த மூன்றும் ஒரே போனுக்குள் வந்துவிட்டன. பெங்களூருக்காரருக்கு நீங்கள் எழுதும் பதில் மக்கள் தொடர்பு. அதைப் படித்துவிட்டு நாலு பேர் "லிட்டர் என்ன விலைங்க" என்று கேட்டால் அது விற்பனை. உருகும் எண்ணெய் வீடியோவையே பணம் கட்டி ஓடவிட்டால் அது விளம்பரம். ஆக, அந்த போன் யார் கையில் இருக்கிறது என்பதுதான் உங்கள் முதல் முடிவு. என் அனுபவத்தில், சிறு வியாபாரிகள் பெரும்பாலும் தவறு செய்யும் இடமும் இதுதான்.

கோவை நிறுவனத்திடம் மாதம் 25,000 கொடுத்தால், பொங்கல் வாழ்த்து அட்டையை அழகாகப் போட்டுத் தருவார்கள். "நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுறீங்களா, வெல்லமா?" என்று இரவு ஒன்பது மணிக்கு ஒரு அம்மா கேட்டால் அவர்களுக்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரிந்த மசாலாப் பொடி வியாபாரி ஒருவருக்கு, யாரோ போட்ட ரீல் ஒன்று எதிர்பாராமல் பெரிதாக ஓடியது. இரண்டு வாரம் கழித்து அவருடன் உட்கார்ந்து வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தேன். பதில் போகாத செய்திகள் நூற்றுக்கு மேல். "மதுரைக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டு, மறுநாள் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு, மூன்றாம் நாள் "சரி வேண்டாங்க" என்று முடித்திருந்தார் ஒருவர். அந்தத் திரையை இன்னும் மறக்க முடியவில்லை. கூட்டத்தை வாசல் வரை கொண்டுவந்துவிட்டுக் கதவைச் சாத்திவைத்திருந்த நிலை அது.

அதனால் முதல் மாதம் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் போடுங்கள். ஒவ்வொரு எண்ணெய்க்கும் படம், அளவு, விலை, கூரியர் செலவு. அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதிவையுங்கள். கூகுள் மேப்பில் கடை சரியான இடத்தில் நிற்கிறதா, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வரும் விமர்சனம் ஒவ்வொன்றுக்கும், திட்டினாலும் பாராட்டினாலும், பதில் எழுதுங்கள். காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆள் கட்டாயம் வருவான். அண்டவிடாதீர்கள்.

அடுத்து 40,000 ரூபாய் ரீல். ஒரு லிட்டருக்கு உங்களுக்கு 60 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் திரும்ப 667 லிட்டர் விற்கவேண்டும். மலைப்பாக இருக்கும். ஆனால் எண்ணெய் ஒருமுறை வாங்கி முடிகிற பொருள் அல்ல. ஒரு குடும்பம் மாதம் 2 லிட்டர் வாங்கினால் வருடத்துக்கு 24 லிட்டர், 1,440 ரூபாய். அந்த ரீலைப் பார்த்து வந்தவர்களில் 28 குடும்பங்கள் ஒரு வருடம் உங்களிடமே நின்றால் முதல் வந்துவிடும். எனவே கேட்கவேண்டியது "எத்தனை லட்சம் பேர் பார்ப்பார்கள்" என்பதல்ல, "28 குடும்பம் நிற்குமா" என்பது. உங்கள் உண்மையான லாபத்தைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அந்தப் பிரபலத்திடம் ஃபாலோயர் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். அவருடைய கணக்கின் இன்சைட்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பார்ப்பவர்கள் எந்த ஊர், என்ன வயது, கடைசிப் பத்து ரீலை எத்தனை பேர் சேமித்தார்கள், பகிர்ந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கருத்துகளையும் படியுங்கள். "சூப்பர் ப்ரோ"வும் நெருப்புப் பொம்மையும் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். "அக்கா, இது எங்க கிடைக்கும்?" என்று ஆட்கள் கேட்டிருந்தால் பேசலாம். காட்ட மறுத்தால் பேச்சே வேண்டாம். என் யோசனையைக் கேட்டால், அந்த 40,000-ஐ ஒருவரிடம் கொட்டாமல், திருப்பூர், ஈரோடு, கோவை வட்டாரத்தில் சில ஆயிரம் பேர் நம்பிப் பார்க்கும் சமையல்காரர்கள் நாலைந்து பேருக்குப் பிரித்துக் கொடுப்பேன். பாதி முன்பணம், பாதி வீடியோ வந்த பிறகு. அந்த வீடியோவை நீங்களும் விளம்பரமாகப் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு விளம்பரம் கொடுத்தவர், பரிந்துரைத்தவர் இருவருக்குமே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால், அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2023 ஜனவரியில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டியும் வெளியிட்டது. வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே சொல்லவேண்டும், கீழே விவரத்தில் ஒளித்துவைப்பது போதாது. இலவசமாக நாலு பாட்டில் அனுப்பினாலும் இது பொருந்தும். அவர் தமிழில் பேசினால் "கட்டண விளம்பரம்" என்று தமிழிலேயே வரட்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. செக்கு எண்ணெய் வீடியோக்களில் பாதி, "சர்க்கரை குறையும், கொழுப்பு கரையும், மாரடைப்பே வராது" என்றுதான் போகின்றன. 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய் எல்லாம் இருக்கின்றன. அவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது குற்றம். சட்டம் கிடக்கட்டும், யாரோ ஒரு பெரியவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? பேசுகிறவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்: நோய் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். வாகை மரச்செக்கு சுற்றுவது, புண்ணாக்கு ஒதுங்குவது, கசடு அடியில் தங்கத் தெளிய வைப்பது, நல்லெண்ணெயில் கருப்பட்டி விழும் நேரம், இவற்றைக் காட்டட்டும். வாசனையை மட்டும்தான் போனில் அனுப்ப முடியாது, மற்றதெல்லாம் முடியும்.

பணம் கட்டும் விளம்பரத்துக்கு இரண்டாம் மாதம் வாருங்கள். பதிவு போட்டாலே எல்லோருக்கும் போய்விடும் என்ற காலம் முடிந்துவிட்டது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. கடைப் பக்கங்களின் பதிவுகள் அதற்குப் பிறகு இன்னும் பின்னே போயின. நாளைக்கு 200 ரூபாய் வைத்து, உங்கள் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும், தட்டினால் நேராக வாட்ஸ்அப்புக்கு வரும் வகை விளம்பரம் ஒன்று போடுங்கள். இரண்டு வீடியோவை ஒரு வாரம் ஓடவிட்டு, எதிலிருந்து ஆர்டர் வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். லைக் கணக்கு வேண்டாம். இரண்டாவது முறை வாங்கியவர் எத்தனை பேர், அந்த எண் மட்டும் போதும். பதிவின் கீழே வரும் பூஸ்ட் பொத்தானை அப்படியே அழுத்தாமல், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை அமைக்கும் பக்கமான ஆட்ஸ் மேனேஜர் வழியாகச் செய்யத் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழகிக்கொள்ளட்டும்.

வாங்குகிறவர்களின் எண்ணை, அவர்கள் சம்மதத்தோடு, உங்கள் சொந்த நோட்டிலும் எழுதிவையுங்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதையே நம்பி இருந்தவர்களின் கூட்டம் மொத்தமும் அத்தோடு போயிற்று. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது, பலர் முதலிலிருந்து தொடங்கினார்கள். இன்ஸ்டாகிராமும் உங்கள் சொந்த இடம் அல்ல. அப்பாவின் சுவர் விளம்பரத்தையும் அழித்துவிடாதீர்கள், உள்ளூர் ஆட்களுக்கு இன்றும் அதுதான் அடையாளம். வாட்ஸ்அப் எண்ணை மட்டும் பெரிதாக எழுதிவிடுங்கள்.

கடைசியாக, பாட்டிலில் ஒட்ட ஒரு சின்னச் சீட்டு அச்சடியுங்கள்: "குளிரில் உறையும். வெந்நீரில் வைத்தால் உருகும். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்." அடுத்த ஐப்பசி பிறக்கும்போதே, பெங்களூருக்கும் ஊட்டிக்கும் போகிற பெட்டிகளில் முதலில் ஒட்டத் தொடங்குங்கள்.