முயலுக்குக் கலர் அடித்தவன்

வணக்கம் ஐயா,

நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. வைத்தியம் பார்த்து இப்போது நன்றாக இருக்கிறேன். ஆனால் கீமோ வார்டில் பார்த்த 18, 20 வயதுப் பிள்ளைகளின் முகம் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து, மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் அவர்களுக்கென்று ஓவியம், எழுத்து, கொஞ்சம் யோகா என்று நடத்துகிறோம். எட்டுப் பத்துப் பேர் வருகிறார்கள்.

என் தம்பியே கேட்கிறான், “மருந்து வாங்கக் காசில்லாதவங்களுக்குக் கலர் பென்சில் எதுக்கு?” என்று. பணம் தர முன்வந்த ஒருவர், பிள்ளைகளின் படங்களைக் கண்காட்சியாக வைத்து, அவர்களோடு போட்டோ எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டும் என்கிறார். அவர் அடித்துத் தந்த நோட்டீஸை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அம்மாபேட்டையிலிருந்து 26 வயதுத் தம்பி ஒருவர் தவறாமல் வருகிறார். ஆனால் உள்ளே வருவதில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். எனக்கு அது தோல்வியாகத் தெரிகிறது. எல்லோரையும் ஒருநாள் ஏற்காட்டுக்கு அழைத்துவர ஆசை. நீங்கள் அங்கே இருப்பதால் கேட்கிறேன். நாங்கள் செய்வது சரிதானா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அக்கா மகன் ஞாபகம்தான் வந்தது. அவனை வைத்தே பதில் சொல்கிறேன். போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதிக்கோங்க மாமா, பேரு மட்டும் போடாதீங்க, பொண்ணு பாத்துட்டு இருக்காங்க” என்றான். சிகிச்சை முடிந்து ஏழு வருடம் ஆகிறது. இன்னமும் இப்படித்தான் இருக்கிறது நிலைமை.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். 22 வயதில் அவனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. சாதாரண நெறிக்கட்டு என்று இரண்டு மாதம் மாத்திரை. அப்புறம்தான் சதையை எடுத்துப் பரிசோதித்து ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய், என்றார்கள். சென்னையில் சிகிச்சை. 15 நாளைக்கு ஒருமுறை ராத்திரி சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடியலில் சென்ட்ரலில் இறங்குவார்கள். (பேர்தான் ஏற்காடு. அந்த ரயில் மலைப்பக்கமே வராது.) மொத்தம் 12 தடவை. நான்கு மருந்துகளில் ஒன்று டாக்ஸோரூபிசின். அசல் ரோஸ்மில்க் நிறம். ஏறி முடித்தபின் சிறுநீரும் அதே நிறத்தில் போகும். இன்றுவரை அவன் ரோஸ்மில்க்கைத் தொடுவதில்லை. பக்கத்தில் யாராவது குடித்தாலே எழுந்து போய்விடுவான்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, வார்டுக்கு ஒரு தன்னார்வலர் அம்மா வந்திருக்கிறார். நல்ல மனம். கையில் கலர் அடிக்கும் புத்தகம், கிரேயான் டப்பா. இவனுக்கு வந்த பக்கத்தில் கேரட் தின்னும் முயல். “நான் அடிச்சேன் மாமா” என்றான் என்னிடம். “அந்தம்மா மனசு கஷ்டப்படும்னு வெளிய போகாம அடிச்சேன்.” முடி கனத்துக்கு வெள்ளிக்கம்பி இழுத்து வளையம் வளையமாகப் பற்றவைக்கிற கை அது.

அவனுக்கு இரண்டு பக்கமும் அறுபது வயதுக்காரர்கள். பேச்செல்லாம் பென்ஷன், பேரன், சர்க்கரை. எதிர் வார்டில் குழந்தைகள், சுவரில் கார்ட்டூன். இவனுக்கு இடமே இல்லை. 15 வயதிலிருந்து 39 வரை உள்ளவர்களைத் தனிக்கூட்டமாகப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சொல்வது இதனால்தான். அந்த வயதில் அதிகம் வரும் நோய்களும் வேறு: லிம்போமா, ரத்தப்புற்று, எலும்பில் வருவது, தைராய்டு, விதைப்பையில் வருவது. வாழ்க்கையும் வேறு. படிப்பு, வேலை, காதல், கல்யாணம், கடன் எல்லாம் அந்த இருபத்தைந்து வருடத்துக்குள்தானே முடிவாகிறது? ஆகவே நீங்கள் அவர்களுக்கென்று ஒரு சனிக்கிழமை ஒதுக்கியதே பாதி வேலை. ஓவியம் பிறகுதான்.

அவனுக்கு உண்மையில் உதவியவர் ஒரு பெரியவர். பட்டறைத் தொழிலில் ஐம்பது வருடம் இருந்தவர். அந்த மாதங்களில் இவனால் பட்டறையில் உட்கார முடியாது. புகையும் ஆசிட் வாடையும் ஆகாது. வின்பிளாஸ்டின் என்ற இன்னொரு மருந்தால் விரல்நுனி மரத்துப்போய், கொக்கியை மாட்டக்கூட வரவில்லை. சட்டைப் பொத்தானே அக்காதான் போட்டுவிடுவாள். பெரியவர் வீட்டுக்கு வந்தார். அனுதாபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்து, “தீபாவளிக்குப் புது மாடல் வேணும், பத்து போட்டு வை” என்றார். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தார். எட்டை அடித்துவிட்டார். “இது கால்ல வளையாது. இது புடவையில மாட்டும். இது நேத்து வந்த மாடல்.” அன்றைக்கு இவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே! அக்கா எனக்குப் போன் பண்ணி அழுதாள், நோயாளிப் பையனிடம் இப்படியா பேசுவது என்று. எனக்கோ நிம்மதியாக இருந்தது. பல வாரம் கழித்து அவனை யாரோ தொழில்காரனாக நினைத்துத் திட்டியிருக்கிறார்கள்.

டீச்சர், நீங்கள் முப்பது வருடம் பாடம் நடத்தியவர். உங்கள் சனிக்கிழமையில் யாராவது கோணலாக வரைந்தால் “அழகா இருக்கு கண்ணு” என்று சொல்லிவிடுகிறீர்களா? பள்ளியில் சொல்லியிருக்கமாட்டீர்கள். நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டிருப்பீர்கள். இங்கேயும் கேளுங்கள். உங்களிடம் உண்மையாக இருப்பது அந்த வித்தை. அதைச் சலுகை விலையில் கொடுக்கவேண்டாம்.

வேலை உண்மையான வேலையாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். கொலுசுப் பட்டறையில் வளையம் கோக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தலையைத் தூக்காமல் ஒரு குடும்பத்தின் கதை முழுவதையும் பேசி முடிப்பார்கள். எதிரெதிரே உட்காரவைத்து “மனசு விட்டுப் பேசும்மா” என்றால் ஒரு வார்த்தை வராது. என் மருமகனுக்கு ஒரு கேள்வி இருந்தது: எனக்குக் குழந்தை பிறக்குமா? டாக்டர் அறையில் அம்மா கூடவே நிற்கிறாள், எப்படிக் கேட்பது? சில மருந்துகள் அதைப் பாதிக்கும். அதனால் ஊசி தொடங்குவதற்கு முன்பே விந்தணுவை எடுத்து உறையவைக்கலாம். பெண்களுக்குக் கருமுட்டையை. அவனுக்கு முன்னாலேயே அதைச் சொல்லியிருக்கவேண்டியவர்கள் சொல்லவில்லை. இரண்டு கட்டில் தள்ளி இருந்த 30 வயதுக்காரர் ஒருவர்தான், சீட்டு விளையாடிக்கொண்டே, சீட்டைப் பார்த்தபடியே, அவனிடம் இதைப் பேசினார். அவனுடைய மருந்துகளில் அந்த ஆபத்து குறைவு என்று பிறகு தெரிந்தது. தெரியும்வரை அவன் தூங்கவில்லை. உங்கள் மேஜையைச் சுற்றியும் இப்படி ஏதாவது ஒன்று யாரிடமாவது கேட்கப்படும். நீங்கள் அந்த நேரத்தில் டீ போட எழுந்து போய்விட வேண்டும்.

இப்போது நோட்டீஸ். அதில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘கலை புற்றுநோயை வெல்லும்’ என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மார்பகப்புற்று பரவிய 86 பெண்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேசியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று அதில் வந்தது. உலகமே கொண்டாடியது. 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஸ்பீகல் தானே மறுபடி செய்து 2007இல் வெளியிட்டதிலும் மொத்தத்தில் கூடவில்லை. ஆனால் கனடா ஆய்வில் குழுவுக்கு வந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. அது போதாதா? நீங்கள் கொடுப்பது அதைத்தான். வெல்லும் என்று போட்டுவிட்டால், நாளைக்கு உங்கள் மாடிக்கு வரும் பெண் ஒருத்திக்கு நோய் திரும்பி வரும்போது, நான் ஒழுங்காக வரையவில்லையோ என்று நினைப்பாள். தைரியமாக இருந்தால் சரியாகிவிடும் என்பதும் இதே ரகம். என் மருமகனுக்கு அடுத்த கட்டிலில் இருந்த பையன் அவனைவிடத் தைரியசாலி.

எழுத்துப் பயிற்சியிலும் ஒரு எச்சரிக்கை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிடம், மனதை அழுத்தும் விஷயத்தை எழுதச் சொன்னார். அடுத்த சில மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் முன்பைவிட மோசமாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. எனவே எழுத்தைக் கடைசியில் வைக்காதீர்கள். அழுத கண்ணோடு புது பஸ் ஸ்டாண்டில் நிற்கவிடக் கூடாது. முதலில் எழுத்து, பிறகு ஓவியம், பிறகு டீ. எழுதியதை வாங்கிப் படிக்கவும் வேண்டாம்.

உங்கள் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. கோபப்படாதீர்கள். மாடியில் ஒரு மூலையில் இன்னொரு மேஜை போடுங்கள், ஃபாரம் நிரப்பத் தெரிந்த ஒருவரை உட்காரவையுங்கள். அந்த வேலையை உங்கள் தம்பிக்கே கொடுத்தால் இன்னும் நல்லது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழ் வாங்கவேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இது தெரிந்தது ஐந்தாவது பயணத்தில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, கல்லூரிக்கு விடுப்புக் கடிதம், ஆபீஸுக்குக் கடிதம் என்று அந்த மேஜைக்கு வேலை குவியும்.

போட்டோ வேண்டாம். பணம் போனால் போகட்டும். நம் ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு பெண்ணின் படம் ‘புற்றுநோயாளிகளின் ஓவியக் கண்காட்சி’ என்ற பேனருக்குக் கீழே ஒருமுறை வந்தால், பத்து வருடம் கழித்தும் தரகர் அதை எடுத்துவருவார். கண்காட்சி வைக்கவேண்டும் என்றால் வைக்கலாம், சேலத்து இளைஞர்களின் ஓவியங்கள் என்று. படம் நன்றாக இருந்தால் அந்த அடையாளமே போதும். நன்றாக இல்லாததைச் சுவரில் மாட்டவும் வேண்டாம்.

ஏற்காடு. தாராளமாக வாருங்கள். நாகலூர் பக்கம் என் வீட்டுத் திண்ணை பெரியது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு, கீமோ வயிறு. காலையில் காலி வயிற்றோடும் ஏற்றாதீர்கள், புளியோதரையைக் கட்டியும் ஏற்றாதீர்கள். தேதி குறிப்பது அதைவிட முக்கியம். ஊசி போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். தொற்று எளிதில் ஒட்டிக்கொள்ளும் அந்த நாட்களில் கூட்டமும் பச்சைக் காய்கறியும் மண் வேலையும் ஆகாது. என் மருமகன் அந்த நாட்கள் முழுக்கத் தட்டுவடை செட்டுக்காக ஏங்குவான். துருவின பச்சைக் கேரட்டும் பீட்ரூட்டும் இருக்கிறதே என்று டாக்டர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வொருவரும் தன் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். சேர்ந்தாற்போல் எல்லோருக்கும் ஒத்த தேதி அமையாது. இரண்டு தடவையாக வாருங்கள். இங்கே காய்ச்சல் வந்தால் முப்பது கிலோமீட்டர் கீழே இறங்கவேண்டும் என்பதால் காரும் டிரைவரும் நாள் முழுக்க நிற்கவேண்டும். பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் என்று சுற்றவேண்டாம். காபிச் செடிக்கு நடுவில் நாற்காலி போட்டுத் தருகிறேன், வரையட்டும். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938இல் காசநோய் சானடோரியத்தில் படுத்திருந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் வரைந்துதான் பொழுதைத் தள்ளினார். பின்னால் 1942இல் ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். அவர் வரைந்தது கைக்கெட்டிய பொருட்களைத்தான். யாரும் அவரிடம் “உன் நோயை வரை” என்று சொல்லவில்லை.

யோகா சொல்லித்தருபவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: எலும்பில் நோய் உள்ளவரை வளையச் சொல்லக் கூடாது, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைவாக உள்ளவரைத் தலைகீழாக நிற்கச் சொல்லக் கூடாது. மற்றபடி நடப்பதும் லேசான பயிற்சியும் சோர்வுக்கு நல்லது, சிகிச்சை நடக்கும்போதுகூட.

கடைசியாக அந்த அம்மாபேட்டைத் தம்பி. அவர் வராமல் இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அம்மாபேட்டையிலிருந்து அஸ்தம்பட்டிக்கு மாதம் இரண்டு தடவை வருகிறாரே! படியில் உட்காருவதற்கு எளிய காரணம்கூட இருக்கலாம். ரத்தம் குறைந்திருக்கும்போது பத்துப் படி ஏறுவது மலை. பாதிப் படியில் மூச்சு வாங்குவதை உங்கள் பெண்பிள்ளைகள் முன்னால் காட்ட எந்தப் பையனுக்கு மனம் வரும்? முதலில் வகுப்பைக் கீழே இறக்குங்கள். வரையச் சொல்லாதீர்கள். முன்கூட்டியே வந்து அறையைத் திறக்கச் சாவி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

இதைப் படித்துக்காட்டியபோது மருமகன் மற்ற எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. “அந்தப் பையன்கூட ஒரு சனிக்கிழமை நான் போய்ப் படியில உக்காரட்டா மாமா?” என்றான். அனுப்பலாமா, எழுதுங்கள். ரோஸ்மில்க் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.