மதில் மேல் பூனையும் மாமன் கணக்கும்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்க பிரைமரி பற்றித்தான், அதாவது நவம்பர் அதிபர் தேர்தலில் தங்கள் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யக் கட்சிகள் மாநிலம் மாநிலமாக நடத்தும் முன்தேர்தல். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்பதால் சேர்த்தே பதில் எழுதிவிட்டேன்.

கேள்வி: பிரைமரி வந்தாலே எங்கள் வீட்டில் சண்டைதான். எனக்குப் பிடித்த வேட்பாளரைச் சொன்னால், என் மாமா "ஆள் நல்லவர்தாம்மா, ஆனால் கட்சி சாராதவர்கள் இவருக்குப் போட மாட்டார்கள், நவம்பரில் தோற்றுவிடுவோம், ஜெயிக்கிற ஆளாகப் பார்த்துப் போடு" என்கிறார். அவர் கணக்கு சரியா?

பதில்: மாமா சொல்வது ரொம்பப் பழைய கணக்கு. 2004-இல் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இதையேதான் போட்டுப் பார்த்தார்கள். பிரைமரியில் நின்ற ஹோவர்ட் டீன் மேல் ஆசை இருந்தும், வியட்நாமில் போரிட்டுப் பதக்கம் வாங்கியவர், அன்றைய குடியரசுக் கட்சி அதிபர் புஷ்ஷுக்கு எதிரே நிறுத்தத் தோதானவர் என்று பலர் ஜான் கெர்ரி பக்கம் சாய்ந்தார்கள். கணக்கில் பாதி பலித்தது என்பதுதான் வேடிக்கை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களிடம் எடுக்கும் எக்ஸிட் போலில் கட்சி சாராதவர்கள் கெர்ரிக்கு 49 சதவீதம், புஷ்ஷுக்கு 48. ஆனால் வெள்ளை மாளிகைக்குப் போனவர் புஷ்.

2012 இன்னும் சுவாரசியம். கட்சி சாராதவர்களிடம் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி 50-க்கு 45 என்று ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவை முந்தினார், அப்படியும் ஒபாமா, மாநிலவாரியாகக் கிடைக்கும் 538 தேர்வாளர் வாக்குகளில் 332-ஐ வாங்கி ஜெயித்தார். எப்படி என்று கேட்டால், அன்று ஓட்டுப் போட வந்தவர்களை நூறு பேராகச் சுருக்கிப் பாருங்கள்: 38 பேர் தங்களை ஜனநாயகக் கட்சி என்றார்கள், 32 பேர் குடியரசுக் கட்சி, 29 பேர் எதுவும் இல்லை. அந்த 29 பேரிடம் ஐந்து சதவீதம் முந்தினால் கிடைப்பது ஒன்றரை ஓட்டு. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் நடுவே இருந்ததோ ஆறு பேர் இடைவெளி, அதுவும் இரு தரப்பிலும் பத்துக்கு ஒன்பது பேர் சொந்தக் கட்சிக்கே போட்டவர்கள். ஒன்றரையை வைத்து ஆறை எப்படி அடைப்பது? மாமாவின் கணக்கில் விடுபடுவது இதுதான். அக்கம்பக்கத்தானை வளைக்கப் போகும்போது நம் வீட்டு ஆட்கள் வாசலைத் தாண்டி வருவார்களா என்று யாரும் கேட்பதில்லை.

அதற்காகக் கட்சி சாராதவர்கள் ஓட்டுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. 2016-இல் அவர்களிடம் ட்ரம்ப் 46-க்கு 42 என்று முன்னால் இருந்தார், 2020-இல் பைடன் 54-க்கு 41. அந்தப் புரட்டல் இல்லாமல் பைடன் வந்திருக்க முடியாது, மாமாவுக்கு இதை மட்டும் விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கட்சி சாராதவர்கள் என்றால் மதில் மேல் பூனைகள்தானே? இந்தப் பக்கமும் குதிப்பார்கள், அந்தப் பக்கமும் குதிப்பார்கள்?

பதில்: பெரும்பாலான பூனைகள் ஏற்கெனவே குதித்துவிட்டன, வால் மட்டும்தான் மதில் மேல் தெரிகிறது. கேலப் என்ற நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில் சில ஆண்டுகளாகவே நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களைக் கட்சி சாராதவர் என்கிறார்கள். "சரி, எந்தக் கட்சிப் பக்கம் கொஞ்சம் சாய்வீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் அவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுகிறார்கள், ஓட்டும் அந்தப் பக்கமே விழுகிறது. எந்தப் பக்கமும் சாயாதவர் பத்தில் ஒருவர் தேறினால் அதிகம்.

இன்னொன்று, கட்சி சாராதவர் என்றாலே நடுநிலை என்று அர்த்தம் இல்லை. இடதுசாரியான பெர்னி சாண்டர்ஸே செனட்டில் சுயேச்சைதான், அவரை நடு என்று யாராவது சொல்வார்களா? அவர் 2016-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஹிலரி கிளின்டனை 60-க்கு 38 என்று அடித்தபோது, வாக்காளர் பட்டியலில் எந்தக் கட்சியும் பதியாதவர்கள் திரளாக அவருக்குத்தான் போட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் நியூ ஹாம்ப்ஷயரில் யார் முந்துகிறார் என்று பார்த்தால் போதாதா? அங்கேதான் கட்சி பதியாதவர்களும் பிரைமரியில் ஓட்டுப் போடலாமே?

பதில்: போடலாம், இரண்டில் எந்தக் கட்சியின் பிரைமரி வேண்டுமோ அதில். 2000-இல் குடியரசுக் கட்சி பிரைமரியில் அந்த ஓட்டுகளால்தான் ஜான் மெக்கெய்ன் அங்கே புஷ்ஷை 18 சதவீத வித்தியாசத்தில் மண்ணைக் கவ்வ வைத்தார், அப்புறம் தென் கரோலினாவில் கதை மாறி புஷ் ஜெயித்துவிட்டார். 2024-இல் அதே கட்சியில் ட்ரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி அங்கே 43 சதவீதம் வாங்கினார். அந்த முறை ஜனநாயகக் கட்சி பக்கம் சொல்லிக்கொள்ளும்படி போட்டியே இல்லை, பைடன் பெயர் வாக்குச்சீட்டில்கூட இல்லை, அதனால் ட்ரம்ப் பிடிக்காத ஆட்கள் இந்தப் பக்கம் வந்து ஹேலிக்குப் போட்டார்கள். கட்சி சாராதவர்களிடம் எடுபட மாட்டார் என்று ஹேலி பக்கத்தவர்கள் சொன்ன அதே ட்ரம்ப் நியூ ஹாம்ப்ஷயரை நவம்பரில் தோற்றார், நாட்டை ஜெயித்தார். ஹேலி நின்றிருந்தால் இன்னும் பெரிதாக ஜெயித்திருப்பாரா என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

கேள்வி: நேற்று வந்த கருத்துக்கணிப்பில், கட்சி சாராதவர்களிடம் என் வேட்பாளர் மற்றவரைவிட 4 சதவீதம் அதிகம் என்று போட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பதில்: மொத்தம் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். ஆயிரம் பேர் என்றால் அதில் கட்சி சாராதவர் முந்நூறு பேர் இருக்கலாம். முந்நூறு பேரைக் கேட்டு வரும் எண் இரண்டு பக்கமும் ஐந்தரை சதவீதத்துக்கு மேல் ஆடும், நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது 4 சதவீதம். எந்தப் பக்கமும் சாயாத நூறு பேரை மட்டும் பிரித்தால் பத்து சதவீதம் ஆடும். எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் காலம் சும்மா விடாது. 1988 ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸ் கணிப்பில் 17 சதவீதம் முன்னால் இருந்தார், நவம்பரில் மூத்த புஷ் 40 மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனார்.

கேள்வி: தீவிரமாகப் பேசுபவர் தோற்பார், நடுவில் நிற்பவர் ஜெயிப்பார் என்பது விதிதானே?

பதில்: 1964-இல் தீவிர வலது என்று பெயரெடுத்த கோல்ட்வாட்டர் ஆறு மாநிலங்களோடு நின்றார், 1972-இல் தீவிர இடது என்று பெயரெடுத்த மெக்கவர்னுக்கு மாநிலம் என்று கிடைத்தது மாசசூசெட்ஸ் ஒன்றுதான். இந்த இரண்டையும் சொல்பவர்கள் ரீகன் பெயரை மட்டும் மறந்துவிடுவார்கள். ரொம்ப வலது, எடுபடாது என்று சொந்தக் கட்சியிலேயே பயந்தார்கள், 1980-இல் அவர் வென்றது 44 மாநிலங்கள். "ஜெயிக்கிற ஆள்" என்று நாம் சொல்லும்போது, போன முறை ஜெயித்தவரின் முகச்சாடை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம் என்பது என் எண்ணம். அந்தச் சாடை இல்லாததாலேயே 2008 ஜனவரியில் முதல் போட்டியான அயோவா மாநிலத் தேர்வில் ஜெயிக்கிற வரை ஒபாமாவைப் பலர் நம்பவில்லை.

கேள்வி: பென்சில்வேனியாவில் எந்தக் கட்சியும் வேண்டாம் என்று பதிந்திருக்கிறேன். பிரைமரியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

பதில்: முடியாது. அங்கே கட்சியில் பதிந்தவருக்கு மட்டும்தான். பதிவை மாற்ற நினைத்தால் பிரைமரிக்கு 15 நாள் முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். உங்களைக் கவரத்தான் இத்தனை வேட்பாளர்களும் போட்டி போடுகிறார்களாம், தேர்வு நடக்கும்போது நீங்கள் வெளியே நிற்கிறீர்கள்!

கேள்வி: மழுப்பாமல் ஒரு பெயர் சொல்லுங்கள். 2028-இல் கட்சி சாராதவர்களிடம் எடுபடக்கூடியவர் யார்?

பதில்: இதே கேள்வியை 1975-இல் கேட்டிருந்தால், அடுத்த ஆண்டே அதிபர் தேர்தலில் ஜெயித்த ஜிம்மி கார்ட்டர் என்ற பெயர் என் வாயில் வந்திருக்காது. யார் அந்த ஜிம்மி என்றுதான் அன்றைக்கு நாடே கேட்டுக்கொண்டிருந்தது.