கிடைக்கவில்லையா, தேடவில்லையா?

கேள்வி: வழக்கறிஞராக இருந்து, ஊடகங்களை விமர்சித்து எழுதுபவராக மாறி, பிறகு தொழில்நுட்பத் துறைப் பெண்களுக்காக வாதாடத் தொடங்கியவர் ரேச்சல் ஸ்க்லார் என்று படித்தேன். தகுதியுள்ள பெண்கள் கிடைக்கவில்லை என்றால் நிறுவனங்கள்தாம் என்ன செய்யும்? அவர் படித்த சட்டம் இதற்கு உதவியிருக்குமா?

பதில்: கேள்வியில் ஒரே மனிதருக்கு மூன்று தொழில்கள் இருந்தும், என் கண் போய் நின்றது 'கிடைக்கவில்லை' என்ற சொல்லில்தான். பொறுப்பைக் கழற்றிவைக்க இதைவிட வசதியான வினை தமிழில் இல்லை. 'தேடவில்லை' என்று சொன்னால், தேடாதவர் யார் என்ற கேள்வி உடனே வரும். 'கிடைக்கவில்லை' என்று சொல்லிவிட்டால், குற்றம் தேடப்பட்ட பொருளின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தேட வேண்டியவரோ 'எங்களுக்கு' என்று நான்காம் வேற்றுமைக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

மூக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை என்று நாள்தோறும் அலுவலகத்தை இரண்டாக்குகிறவன் நான். அது பெரும்பாலும் என் நெற்றிக்கு மேலேதான் இருக்கும். ஒருமுறை அதை அணிந்துகொண்டே தேடினேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்ததால் தேடுவதும் எளிதாக இருந்தது. 'கிடப்பதெல்லாம் கிடைத்துவிடாது ஐயா' என்றார் எங்கள் துணையாசிரியர். சந்திப்பிழை குறித்து அவருக்கும் எனக்கும் தீராத வழக்கு உண்டு என்றாலும், இந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை மன்னித்திருக்கிறேன்.

ஸ்க்லார் கனடாக்காரர், நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்தவர். பிறகு ஹஃபிங்டன் போஸ்ட் என்ற இணையச் செய்தித் தளத்தின் ஊடகப் பகுதிக்கு ஆசிரியராகவும், ஊடகங்களைப் பற்றியே எழுத 2009-இல் தொடங்கிய மீடியைட் தளத்தின் தொடக்கக் குழுவிலும் இருந்தார். எந்தச் செய்தியில் யாருடைய கருத்தைக் கேட்கிறார்கள், யாரைக் கேட்காமலே விடுகிறார்கள் என்று கவனிப்பது அவருக்கு அன்றாட வேலை. 'விகிதத்தை மாற்று' என்று பொருள்படும் 'சேஞ்ச் தி ரேஷியோ' என்ற முயற்சியை, பெண்களின் பங்கைக் கூட்டுவதற்காக 2010-இல் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் தொழில்நுட்பத் துறையில் பெண்களுக்கு உரிய இடமில்லை என்ற அவருடைய முறையீடு வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் வெளியானதும், டெக்கிரஞ்ச் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தைத் தொடங்கிய மைக்கேல் ஆரிங்டன் பொறுக்க மாட்டாமல் பதில் எழுதினார்: ஆண்களைக் குறை சொல்வதை நிறுத்துங்கள்; எங்கள் மாநாடுகளுக்குப் பெண் பேச்சாளர்களை நாங்கள் தேடித்தான் அழைக்கிறோம்; நிறுவனம் தொடங்க முன்வரும் பெண்களே குறைவு. சாரமாகச் சொன்னால், கிடைக்கவில்லை.

ஆரிங்டன் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் கணினியியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1980-களின் நடுவில் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்து, 2010-ஐ ஒட்டி ஏறத்தாழ 18 விழுக்காடாகக் குறைந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பெண்களுக்கு இயல்பிலேயே கணினியில் ஆர்வமில்லை என்று வாதிடுவோர், முதலில் இருந்த அந்த 37 எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியிருக்கும். வந்தவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு, வரவே இல்லை என்பது விடையாகாது.

இங்கே என் பழைய பகை ஒன்றும் குறுக்கிடுகிறது: 'ஆண்டின் சிறந்த நூறு பேர்' வகைப் பட்டியல்கள். பட்டியலில் வந்தவர் மேடைக்கு அழைக்கப்படுகிறார்; மேடையில் பார்த்தவரிடம் முதலீட்டாளர் பேச்சுக் கொடுக்கிறார்; முதலீடு வந்தவுடன் அவர் அடுத்த ஆண்டுப் பட்டியலில் தாமாகவே இடம்பிடிக்கிறார். பட்டியல் தயாரிப்பவர் புதிதாகத் தேடுவதில்லை, போன ஆண்டுப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்கிறார் என்று நான் எழுதியதற்காக, ஒரு சக ஆசிரியர் இன்றுவரை என்னுடன் பேசுவதில்லை. ஸ்க்லார் என்னைவிடச் சாமர்த்தியசாலி. எழுத்தாளர் கிளினிஸ் மக்நிக்கோலுடன் சேர்ந்து பெண்களுக்கென ஒரு வலையமைப்பையே தொடங்கி, அதற்குப் 'பட்டியல்' என்ற பொருளிலேயே 'தி லிஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்.

ட்விட்டரின் கதையைப் பாருங்கள். 2013 அக்டோபரில், பங்குச் சந்தைக்கு வருவதற்கான ஆவணங்களை அந்த நிறுவனம் வெளியிட்டபோது, இயக்குநர் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. கண்டனம் கிளம்பியது. டிசம்பரில் மார்ஜரி ஸ்கார்டினோ நியமிக்கப்பட்டார். பியர்சன் என்ற பெரிய பதிப்பு நிறுவனத்தை 1997 முதல் 2012 வரை தலைமை ஏற்று நடத்தியவர் அவர்; எந்தக் குகையிலும் ஒளிந்திருக்கவில்லை. பல ஆண்டுகளாகக் கிடைக்காதிருந்த பெண் இரண்டே மாதத்தில் கிடைத்துவிட்டார்.

சட்டப் படிப்பு உதவியிருக்குமா என்கிறீர்கள். உதவியிருக்கும். 'கிடைக்கவில்லை' என்று சாட்சி சொன்னதும் நம்மைப் போன்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம். குறுக்கு விசாரணையில் பழகியவரோ, எங்கே தேடினீர்கள், எத்தனை நாள் தேடினீர்கள், யாரை விசாரித்தீர்கள் என்று அங்கேயே நிற்பார்.