நுகர்வோர் கேள்வி-பதில்: சேர்வருக்குள் நுழையாத விளையாட்டு

கேள்வி: மகன் தொலைபேசியில் மைன்கிராஃப்ட் விளையாடுகிறான். கணினியில் ஜாவா பதிப்பை வைத்திருக்கும் நண்பனின் சேர்வருக்குள் (பலர் சேர்ந்து விளையாட இணையும் கணினி) அவனால் போக முடியவில்லை. புதிய தொலைபேசி வாங்கிக் கொடுக்கட்டுமா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: வேண்டாம். தொலைபேசியில் ஓடுவது பெட்ராக் பதிப்பு. சேர்வரை நடத்துபவர் அதற்கெனத் தனி மென்பொருளைப் பொருத்தினாலொழிய அது ஜாவா சேர்வரில் சேராது.

கேள்வி: என் கணினியில் சேர்வர் நடத்துகிறேன். வீட்டுக்குள் தம்பி சேர்கிறான், வெளியிலிருந்து எவராலும் சேர முடியவில்லை. ரவுட்டரில் விளையாட்டுக்கான 25565 போர்ட்டை (வெளி அழைப்பு உள்ளே வரும் வழி) திறந்துவிட்டேன். வேகம் போதாது என்று கடைக்காரர் சொன்னதால், விலை கூடிய பெக்கேஜுக்கு மாறினேன். பலனில்லை. (கொட்டாஞ்சேனை)

பதில்: உங்கள் மீது பிழையில்லை, கேட்ட நோய்க்கு வேறு மருந்தை விற்றிருக்கிறார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் WAN முகவரி (வெளி இணையப் பக்கத்து முகவரி) என்று காட்டப்படும் எண்ணையும், உங்கள் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) சொல்லும் இணையத்தளம் ஒன்று காட்டும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரின் எண் 100.64 முதல் 100.127 வரையுள்ள ஒன்றில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை உங்களுக்கும் வேறு பல வீடுகளுக்கும் நிறுவனம் பங்கிட்டுத் தந்திருக்கிறது. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான் என்பதால், இப்படிப் பங்கிடுவதற்கென்றே இந்த எண் வரிசை 2012 இல் ஒதுக்கப்பட்டது. வீட்டிலக்கம் தெரியாமல் தொடர்மாடி வாசலுக்கு வரும் விருந்தாளியைக் காவலாளி எந்த வீட்டுக்கு அனுப்புவார்? உங்கள் நண்பர்களின் அழைப்பும் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. வேகத்தை எத்தனை மடங்கு கூட்டினாலும் அது உள்ளே வராது.

இதே கோளாறுக்காக, பம்பலப்பிட்டிக் கடையொன்றில் ஆறு அன்டெனா வைத்த ரவுட்டரை 42,000 ரூபா கொடுத்து நானும் வாங்கினேன். பெட்டியின் முத்திரை கிழிந்துவிட்டது என்று சொல்லி அதைத் திருப்பி எடுக்க மறுத்தார்கள். முகவரி பங்கிடப்பட்டிருப்பதை விற்கும்போதே சொல்லாமல் Mbps என்ற வேகக் கணக்கை மட்டும் பெரிய எழுத்தில் போடும் வழக்கம் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. உங்களுக்கெனத் தனிப் பொது முகவரி தருவார்களா, மாதக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால், வாடகைக்கு ஒரு சேர்வர் எடுப்பது ஒரு வழி. பொய் சொல்லி விற்றதற்குச் சான்றாகப் பற்றுச்சீட்டும் குறுஞ்செய்தியும் இருந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 இல் அழையுங்கள்.

கேள்வி: ஜேர்மனி சேர்வரில் என் பிங் (தகவல் போய்வரும் நேரம்) 180 மில்லிசெக்கன். அதை 20 ஆக்குவதாக ஒரு செயலி மாதச் சந்தா கேட்கிறது. கட்டலாமா? (தெஹிவளை)

பதில்: கட்டாதீர்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். கொழும்பிலிருந்து பிராங்பேர்ட் நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 8,000 கிலோமீற்றர். போய்வரவே 80 மில்லிசெக்கன் வேண்டும். விளையாட்டில் சிங்கப்பூர் சேர்வர் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். அந்தத் தூரம் மூன்றிலொரு பங்குதான்.

கேள்வி: இரவில் இணைப்பு அறுந்துபோகிறது. மூன்றாவது ரவுட்டரும் வாங்கிவிட்டேன். பற்றுச்சீட்டுகளை வைத்திருக்கவில்லை. எந்த ரவுட்டர் நல்லது? (வத்தளை)

பதில்: நான்காவதைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். மூன்று தடவை பணம் கொடுத்த நீங்கள் ஒரு தடவையாவது வைஃபையை விட்டுக் கேபிளில் விளையாடிப் பார்த்தீர்களா? பற்றுச்சீட்டை எறிந்தவருக்காக எந்தக் கடையிடமும் நான் வாதாட முடியாது. இன்றிரவே கணினியைக் கேபிளால் ரவுட்டரோடு இணைத்து, கட்டளைத் திரையில் ரவுட்டரின் முகவரிக்கு நூறு பிங் (பதில் கேட்கும் சிறு சோதனைத் தகவல்) அனுப்புங்கள். பிறகு வெளித்தளம் ஒன்றுக்கு நூறு அனுப்புங்கள். முதலாவதிலேயே சிலவற்றுக்குப் பதில் வராமல் இழப்பு இருந்தால் பழுது வீட்டுக்குள் இருக்கிறது. இரண்டாவதில் மட்டும் என்றால், திரையைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். கடற்கரையோரம் உள்ள உறவினர் வீட்டில் நான் இப்படித் தேடியபோது, கதவு நிலையின் கீழ் நசுங்கிக் கிடந்த கேபிளின் தோல் பிளந்து, உள்ளே செம்புக் கம்பி உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. அதை மாற்ற அறுநூறு ரூபாதான் போனது.