டர்போ காருக்கு எந்த ஹெடர் நின்று பிடிக்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கல்முனை வாசகர்): என்னிடம் மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 4 கார் உள்ளது. நாள்தோறும் மட்டக்களப்புக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். இயந்திரத்தின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு (புகையால் சுழன்று இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தும் பாகம்) அனுப்பும் வார்ப்பிரும்பு மெனிபோல்டில் வெடிப்பு ஏற்பட்டுள்ளது. அதற்குப் பதிலாக, குழாய்களை ஒட்டிச் செய்த ஸ்டெயின்லெஸ் ஹெடர் பொருத்த விரும்புகிறேன். நீடித்து உழைப்பது எது?

பதில்: வாகனத்தின் பாவனையையும் சேர்த்து எழுதியது நல்லதாயிற்று, விடை அதில்தான் இருக்கிறது. போகவும் வரவும் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தினமும் ஓடும் காருக்கு, வெடிப்பில்லாத இன்னோர் அசல் வார்ப்பிரும்பு மெனிபோல்டைத் தேடிப் பொருத்துமாறே முதலில் சொல்வேன். அது பாரமானது, பார்வைக்கும் அழகில்லை; ஆனால் தடித்த சுவரும் ஒட்டு (வெல்டிங்) இல்லாத உடலும் கொண்டது. 1996இல் அறிமுகமான வகை உங்களுடையது. இப்போது வெடித்திருப்பது அசல் பாகந்தான் என்றால், அது எத்தனை ஆயிரம் தடவை சூடேறி ஆறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அசல் பாகம் கிடைக்கவில்லை, அல்லது கூடுதல் வலு வேண்டும் என்றால் ஹெடரை நாடலாம். அப்போது உலோகத்தின் பெயரைவிடச் சுவரின் தடிப்பையே முதலில் கேளுங்கள். விற்பனைக்கு வரும் பல ஹெடர்கள் 1.5 மில்லிமீற்றர் அளவிலான மெல்லிய குழாயில் செய்யப்பட்டவை. டர்போ இல்லாத காருக்கு அது போதும். டர்போவைச் சுமக்க வேண்டிய ஹெடருக்கு 'ஷெடியூல் 10' எனப்படும் தடித்த குழாய் வேண்டும். ஒன்றரை அங்குல அளவில் அதன் சுவர் 2.77 மில்லிமீற்றர். சிலிண்டர் தலையில் பொருந்தும் தட்டான பிளாஞ்சும் 10 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால்தான் சூட்டில் வளையாது.

தடிப்பை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 304 இலக்க ஸ்டெயின்லெஸ், சாதாரண இரும்பை விடச் சூட்டில் அதிகம் விரியும். 40 சென்ரிமீற்றர் நீளக் குழாய் 700 பாகை செல்சியஸ் சூடேறினால், சாதாரண இரும்பு 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும், 304 ஏறத்தாழ 5 மில்லிமீற்றரும் நீளும். ஒரு முனை இயந்திரத்திலும் மறுமுனை டர்போவிலும் இறுகியிருக்கையில், அந்த நீட்சி முழுவதும் ஒட்டுகளின் மேல்தான் போய் விழுகிறது. போதாக்குறைக்கு, 304 நெடுநேரம் கடும் சூட்டில் இருந்தால் அதிலுள்ள குரோமியம், உலோகத்தின் நுண்மணிகள் சந்திக்கும் எல்லைகளில் கரிமத்தோடு சேர்ந்து காபைட்டாகப் பிரிந்து, உலோகம் அங்கே பலவீனப்படும். 321 இலக்கத்தில் இதைத் தடுக்கவே தைற்றேனியம் சேர்க்கிறார்கள். விலை கூடுதல்தான், கையில் பணம் இருந்தால் அதையே வாங்குங்கள். ஆனால் மெல்லிய 321க்கும் தடித்த 304க்கும் இடையில் தெரிவு என்றால், நான் தடித்த 304ஐயே எடுப்பேன்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன்பு பட்டறையொன்றில் மெல்லிய குழாயில் ஹெடர் செய்வித்தேன்; டர்போவுக்குத் தனித் தாங்கி வைக்கவில்லை. ஓராண்டு கழிந்த பின், காலையில் இயந்திரத்தைத் தொடக்கும்போது 'டிக், டிக்' என்று ஓர் ஓசை கேட்கும், சூடானதும் நின்றுவிடும். டப்பட் (வால்வை அசைக்கும் பாகம்) சத்தம் என்று நினைத்து இரண்டு மாதம் கழித்தேன். கழற்றிப் பார்த்தபோது, நான்கு குழாய்களும் கூடும் கழுத்தில், ஒட்டுக்கு விரலகலம் தள்ளி மயிரிழை வெடிப்பு. அதைச் சுற்றிக் கரி விசிறிபோலப் படிந்திருந்தது. சூட்டில் உலோகம் விரிந்து வெடிப்பு மூடிக்கொண்டதால்தான் ஓசை மறைந்திருக்கிறது. ஆகையால் டர்போவின் பாரம் இயந்திரக் கட்டையில் பூட்டிய தாங்கியில் இறங்க வேண்டும். டர்போவுக்குப் பின்னுள்ள குழாயில் நெளியும் துண்டொன்றும் இருக்க வேண்டும்.

உங்கள் காருக்கே உரிய ஒரு விடயமும் உண்டு. எவலூஷன் 4 முதல் டர்போவின் நுழைவாய் இரண்டாகப் பிரிந்தது. சிலிண்டர்களில் எரிபொருள் எரியும் ஒழுங்கு 1-3-4-2 என்பதால் 1ஆம் 4ஆம் சிலிண்டர்களின் புகை ஒரு வாயிலும், 2ஆம் 3ஆம் சிலிண்டர்களின் புகை மற்றதிலும் சேர வேண்டும். மலிவான ஹெடர்கள் சிலவற்றில் இந்தப் பிரிப்பே இருப்பதில்லை. குறைந்த சுற்றில் டர்போ பிந்தி எழுந்தால் காரணம் அதுவாகலாம்.

இங்கேயே செய்விப்பதானால், ஒட்டும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கன் வாயு செலுத்துவார்களா என்று கேளுங்கள். செலுத்தாவிட்டால் உள்ளே சீனி கருகியதுபோல் உலோகம் பொருக்குக் கட்டும். அது உதிர்ந்தால் நேரே டர்போவின் சக்கரத்துக்குள்தான் போகும்.

கேள்வி (காத்தான்குடி வாசகர்): காந்தம் ஒட்டாவிட்டால் அது நல்ல ஸ்டெயின்லெஸ் எனக் கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. நிக்கல் குறைந்த 201 இலக்கத்திலும் காந்தம் ஒட்டாது; ஆனால் அது 304ஐ விட விரைவில் கறள் பிடிக்கும். மறுபுறம், காந்தம் ஒட்டும் 409 பல நிறுவனங்களின் அசல் புகைக்குழாய்களிலேயே பயன்படுகிறது. இலக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குவதே வழி.

கேள்வி (ஆரையம்பதி வாசகர்): ஹெடர் மீது வெப்பநாடா சுற்றலாமா?

பதில்: பந்தயக் காருக்குச் சுற்றலாம், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடும் காருக்கு வேண்டாம். நாடா உலோகத்தின் சூட்டை இன்னும் ஏற்றும். மாரியில் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெடிப்பு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. செரமிக் பூச்சு அல்லது சற்று இடைவெளி விட்டுப் பொருத்திய தகரக் கவசம் போதும். நாடாவை ஏற்கெனவே சுற்றியிருந்தால், மாரி தொடங்குமுன் ஒருமுறை அவிழ்த்து, கழுத்துப் பகுதியை விளக்குப் பிடித்துப் பாருங்கள்.